ஊசி போட வேண்டியது நோயாளி மட்டுமல்ல

மழை பிடித்துவிட்டால் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் இருமல் சத்தம்தான். ஃப்ளூ பெரும்பாலோருக்கு ஐந்தாறு நாள் காய்ச்சல், உடம்புவலியோடு போய்விடும். ஆனால் பரேல் டாடா மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கும், சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கும், எச்.ஐ.வி. உள்ளவருக்கும், முடக்குவாதத்துக்காக நாள்பட ஸ்டீராய்டு விழுங்குபவருக்கும் அதே ஃப்ளூ நிமோனியாவாக முற்றக்கூடும். 2015இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1 ஃப்ளூ இந்தியாவில் 42,592 பேருக்கு உறுதியானது. 2,990 பேர் இறந்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரைக் காப்பது பெரும்பாலும் அவரைச் சுற்றியிருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அதற்குக் குறுக்கே நிற்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஃப்ளூ குளிர்கால நோய். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஸ்ரீநகருக்கு அது பொருந்தும். மும்பையில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். ஆண்டின் தொடக்க மாதங்களிலும் ஒரு சிறு அலை வருவதுண்டு. சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் அதிகம். ஆகவே தமிழ்நாட்டில் இருக்கும் அண்ணன் ஃப்ளூ தடுப்பூசி போடும் மாதம் மும்பையில் இருக்கும் நமக்கு ஒத்துவராது. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் மும்பைவாசிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. அதைத் தவறவிட்டவர் மழை தொடங்கிய பிறகும் போட்டுக்கொள்ளலாம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஊசியின் கலவையைத் திருத்திப் பரிந்துரைக்கிறது. போன வருடம் போட்ட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது.

நம்பிக்கை: ஊசியே ஃப்ளூவை வரவழைக்கும். பலவீனமான உடம்பு தாங்காது.

உண்மை: கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஃப்ளூ வர வழியே இல்லை. கைவலி, ஒருநாள் அசதி, லேசான காய்ச்சல் வரலாம். மூக்கில் தெளிக்கும் தடுப்புமருந்து வேறு வகை. அதில் பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ் இருப்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கீமோ எடுப்பவர்கள் எந்தச் சுற்றுக்கு முன் அல்லது பின் ஊசி போடலாம் என்பதைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நிமோகாக்கல் நிமோனியா ஊசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

நம்பிக்கை: நோயாளிக்கு ஊசி போட்டாயிற்று, இனி கவலை இல்லை.

உண்மை: நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. கீமோ மருந்தும், உறுப்பு மாற்று மாத்திரையும் உடம்பின் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கின்றன. அந்த உடம்பு ஊசிக்குப் பிறகும் போதிய பாதுகாப்பை உண்டாக்காமல் போகலாம். ஃப்ளூ பிடித்தவரோ, இருமல் தொடங்குவதற்கு ஒருநாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்புகிறார். நெரிசலான லோக்கல் ரயிலில் அலுவலகம் போய் வரும் மகனும், பள்ளியிலிருந்து வரும் பேத்தியும் தங்களுக்கே தெரியாமல் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆகவே ஆறு மாதக் குழந்தை முதல் தாத்தா வரை அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்வதுதான் நோயாளிக்கு உண்மையான காப்பு. இந்த ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாததால் பலர் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் நோயாளிக்கும், அவருக்குச் சோறு ஊட்டி, மருந்து கொடுத்து, மருத்துவமனைக்குக் கூடப் போகிறவருக்கும் முதலில் போடுங்கள்.

நம்பிக்கை: பத்துக்குப் பத்து அறையில் யாரை எங்கே ஒதுக்கி வைப்பது? எதுவும் செய்ய முடியாது.

உண்மை: 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி உறுதியானபோதும் இதையேதான் சொன்னார்கள். வீட்டில் தனிமைக்கு இடமில்லை என்பதால் மாநகராட்சி வெளியே தனிமை முகாம்களைத் திறந்தது. காய்ச்சல் முகாம்கள் நடந்தன. பொதுக் கழிப்பறைகள் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யப்பட்டன. அந்த ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒரே அறையிலும் செய்யக்கூடியவை உண்டு. இருமுகிறவர் முகக்கவசம் அணியட்டும். நோயாளி காற்று வரும் ஜன்னலோரம் படுக்கட்டும்; இருமுகிறவர் தூர மூலையில், தலைமாட்டை மாற்றிப் படுக்கட்டும். நாலைந்து நாள் பக்கத்து உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. பொதுக் கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும் கட்டாயம்.

நம்பிக்கை: உடம்பு சரியில்லாதவரை நேரில் போய்ப் பார்க்காவிட்டால் மரியாதையில்லை.

உண்மை: கீமோ முடிந்து ஒருவர் வீடு திரும்பினால் பழமும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தபந்தம் திரண்டு வருவது நம் அன்பின் வழக்கம். அதைப் பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் கீமோ எடுத்துச் சுமார் ஒன்றிரண்டு வாரத்தில்தான் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் போனில் பேசுங்கள், சமைத்துக் கொடுத்தனுப்புங்கள். தொண்டை கரகரப்பு இருந்தால்கூடப் போகாதீர்கள். “இப்போது வேண்டாம் அத்தை, அப்புறம் வாங்க” என்று வீட்டார் சொன்னால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை: சீந்தில், கஷாயம் குடித்தால் எதிர்ப்புச் சக்தி ஏறிவிடும்.

உண்மை: சீந்தில் எடுத்துக்கொண்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படிப் போனாலும், உறுப்பு மாற்று செய்தவருக்கு மருத்துவர் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றேதான் அடக்கி வைத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அதைத் தூண்டிவிட்டால் உடம்பு புதிய சிறுநீரகத்தையே தாக்கலாம். எந்த மூலிகையானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்.

நம்பிக்கை: காய்ச்சல் கொதிக்கவில்லையே, இரண்டு நாள் பார்ப்போம். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கினால் போதும்.

உண்மை: ஸ்டீராய்டு எடுப்பவருக்கு ஃப்ளூ வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். புற்றுநோய், எச்.ஐ.வி., நீண்டகால ஸ்டீராய்டு என ஆபத்து கூடியவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அதைத் தொடங்கலாம் என்பதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் அடித்தால் அது இரவு என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் இருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவருக்கு எப்போது ஊசி போடலாம், எங்களில் யார் யார் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது. பதிலை எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, நீங்களும் கைச்சட்டையை மடித்து ஊசிக்கு உட்காருங்கள்.