இன்டெல் லேப்டாப்புக்கு எதுக்கு ஏஎம்டி ஃபைல்?

உபுண்டு டவுன்லோட் பண்ணியிருக்கீங்களா? உங்க லேப்டாப்பில் இருப்பது இன்டெல் சிப். ஆனா ஃபைல் பேரில் 'ஏஎம்டி64' என்று இருக்கும். முதல் தடவை "தப்பான ஃபைலோ?" என்று நானும் குழம்பியிருக்கேன். தப்பில்லை. சந்தை ஒரு பெரிய கம்பெனியின் திட்டத்தையே திருப்பிப் போட்ட கதை அந்தப் பேருக்குள் இருக்கு.

32 பிட் முகவரியால் 4 ஜிபி வரைதான் நேரடியாகக் குறிக்க முடியும். சர்வர்களுக்கு அது பத்தவில்லை. அதனால் இன்டெல், ஹெச்பியோடு சேர்ந்து முற்றிலும் புதிய 64 பிட் வடிவமைப்பை உருவாக்கியது. அதுதான் 2001-ல் வந்த இட்டானியம். எந்தெந்தக் கட்டளைகளைச் சேர்த்து ஓட்டலாம் என்பதை கம்பைலரே முன்கூட்டி முடிவு செய்யணும். பேப்பரில் பார்த்தால் அழகான டிசைன்.

சிக்கல் எங்கே? பழைய எக்ஸ்86 புரோகிராம்கள் அதில் மெதுவாகத்தான் ஓடின. முழு வேகம் வேணும்னா எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் பண்ணணும். சாஃப்ட்வேர் இல்லாததால் வாங்குபவர்கள் தயங்கினார்கள். வாங்குபவர்கள் குறைவு என்பதால் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் தயங்கின. கோழி முதலா, முட்டை முதலா கதைதான்.

2003-ல் ஏஎம்டி ஆப்டெரான் சிப்பைக் கொண்டுவந்தது. எக்ஸ்86-ஐத் தூக்கிப் போடாமல், அதன் மேலேயே 64 பிட்டைச் சேர்த்தது. பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களும் 8-லிருந்து 16 ஆயின. பழைய சாஃப்ட்வேர் வேகம் குறையாமல் ஓடியது. புதுசுக்கு மெதுவாக மாறிக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆதரவு தந்தது. 2004-ல் இன்டெலே தன் ஜியான் சிப்களில் அதே வழிக்கு வந்தது. 2010-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வோடு இட்டானியம் ஆதரவு முடியும் என்று அறிவித்தது. 2021-ல் இட்டானியம் சப்ளையே நின்றது.

இதிலிருந்து நமக்கு என்ன? சந்தை என்றால் மட்டமான டிசைனை ஜெயிக்க வைக்கும் என்று அர்த்தமில்லை. ஏஎம்டி செய்ததும் நல்ல இன்ஜினியரிங்தான். ஆனா அது வாங்குபவர் ஏற்கெனவே போட்ட பணத்தையும் உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இன்ஜினியரிங்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்பு எடுக்கும்போது, "இது எவ்வளவு புதுசு?" என்று மட்டும் கேட்காதீங்க. "இதைப் பயன்படுத்த வேண்டியவர் இப்போ எதை வச்சிருக்கார்? என் புராஜெக்ட்டுக்காக அவர் எதையெல்லாம் தூக்கிப் போடணும்?" என்றும் எழுதிப் பாருங்க. அந்த லிஸ்ட் நீளமா இருந்தா, டிசைனைத் தொடங்கும் முன்பே திருத்திடலாம்.