வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள்: உயிரும் உடலும் அமானிதம்

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பத்தாம் வகுப்புத் தேர்வும் பிளஸ் டூ தேர்வும் முடிந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. ஒருவன் வெல்டிங் பட்டறைக்குப் போகிறான். ஒருவன் பைக் மெக்கானிக்கிடம் சேர்கிறான். ஒருவன் பிரியாணி மாஸ்டரோடு கல்யாண மண்டபங்களுக்குப் போய் வருகிறான். நல்லவாடு போன்ற கடற்கரை ஊர்களில் படகேறும் பிள்ளைகளும் உண்டு. தன் கையால் உழைத்துச் சம்பாதிக்க நினைப்பது மார்க்கம் போற்றும் குணம். அதைத் தடுப்பது இன்றைய பேச்சின் நோக்கம் அல்ல. காலையில் இரண்டு கையோடும் இரண்டு கண்ணோடும் போன பிள்ளை, மாலையில் அப்படியே வீடு திரும்ப வேண்டும். அதற்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

மூஸா (அலை) அவர்களும் ஒரு கூலியாள்தான்

வாலிப வயதில் ஊரை விட்டு வந்த மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் வேலைக்குச் சேர்ந்த வரலாற்றை அல்லாஹ் சூரத்துல் கஸஸில் (28:26-28) சொல்லிக் காட்டுகிறான். அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) அவர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுவர். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வலிமையும் நம்பகமும் பார்க்கப்பட்டன. எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து என்று காலம் பேசப்பட்டது. அதோடு அந்த முதலாளி, உம்மைச் சிரமத்தில் ஆழ்த்துவது என் நோக்கம் இல்லை என்றும் வாக்குக் கொடுத்தார்.

கவனியுங்கள். வேலை என்ன, காலம் எவ்வளவு, வேலையாளுக்குத் துன்பம் வராது என்ற உறுதி ஆகிய மூன்றும் முதல் நாளே பேசி முடிக்கப்பட்டன. நாம் பிள்ளையை ஒரு பட்டறையில் கொண்டுபோய் விடும்போது எதைப் பேசுகிறோம்? "சம்பளம் எவ்வளவு தருவீங்க பாய்?" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது.

வயதுக்கு எல்லை வைத்த நபி (ஸல்)

உஹது போருக்குப் படை புறப்பட்டபோது அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதி தரவில்லை. அகழ்ப்போரின்போது அவருக்கு 15 வயது. அனுமதி தந்தார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). இந்தச் செய்தியை நாஃபிஉ (ரஹ்) அவர்கள் மூலம் கேட்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவருக்கும் பெரியவருக்கும் இதுவே எல்லை என்று தம் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

மதீனாவுக்கே ஆபத்து வந்த நேரம் அது. ஒவ்வொரு ஆளும் தேவை. சிறுவரும் ஆசையோடு முன்வந்து நின்றார். அப்படியும் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை ஆசைப்படுகிறான், ஆள் பற்றாக்குறை என்ற இரண்டு காரணங்களும் அன்றே இருந்தன. இரண்டுமே ஏற்கப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களைச் சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள்கள், ஆபத்தான இரசாயனத் தொழில்கள் ஆகியவற்றில் வைக்கக் கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இந்த விழிப்பு சும்மா வரவில்லை. 1991-ல் சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 39 பேர் இறந்த செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே கையில் எடுத்தது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அத்தனை ஜனாஸாக்களுக்குப் பிறகு கிடைத்த பாடம் அது. நம் ஊர்ப் பட்டறைக்கு வரும்போது அதை மறந்துவிடக் கூடாது.

நபி (ஸல்) கற்றுத் தந்த பாதுகாப்பு

பாதுகாப்பு என்பது இன்றைய கம்பெனிகள் கொண்டு வந்த பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். ஹதீஸ் நூல்களைப் புரட்டிப் பாருங்கள்.

அம்புகளோடு பள்ளிவாசலுக்கோ கடைவீதிக்கோ வருபவர், யாரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார்கள் (புகாரி). உருவிய வாளை உறையில் இடாமல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதைத் தடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). தடுப்பு இல்லாத மொட்டை மாடியில் தூங்குபவரை எச்சரித்தார்கள் (அபூதாவூத்). மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்கள் எதிரி, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள் (புகாரி).

கூர்மையான கருவி, உயரம், தீ. இன்றும் பட்டறையிலும் கட்டடத்திலும் சமையற்கூடத்திலும் பிள்ளைகளைக் காயப்படுத்துபவை இவைதானே? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற போதனையும் (திர்மிதி) இந்த வரிசையில்தான் வருகிறது. "அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டு கையுறை போடாமல் இருப்பது தவக்குல் ஆகாது. உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்று தடுத்தவனும் அதே அல்லாஹ்தான் (2:195).

இளையவர்களுக்கு ஏன் அதிக ஆபத்து?

சகோதரர்களே! வேலைக்குச் சேர்ந்த முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. எந்த இயந்திரம் எப்போது என்ன செய்யும் என்பது புதியவனுக்குத் தெரியாது. கருவிகள் பெரியவர்களின் கைக்கும் உயரத்துக்கும் செய்யப்பட்டவை. எல்லாவற்றையும் விட, அந்த வயதுப் பிள்ளைக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். "இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தெரியாததைத் தெரிந்தது போல் செய்யப் போய் விரலை இழக்கிறான்.

பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் வேலைக்கு வந்தபோது சிறுவர். அத்தனை ஆண்டுகளில் தம்மை ஒருமுறைகூட 'ச்சீ' என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று அவர் சாட்சி சொல்கிறார் (புகாரி, முஸ்லிம்). திட்டு வாங்குவோம் என்ற பயமில்லாத இடத்தில்தான் பிள்ளை வாய் திறந்து சந்தேகம் கேட்பான்.

ஒவ்வொரு வேலையிலும் கவனிக்க வேண்டியவை

1. வெல்டிங், கிரைண்டிங்: வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தால் இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும். கூலிங் கிளாஸ் போதாது. வெல்டிங்குக்கான முகக்கவசமே வேண்டும். கிரைண்டர் சக்கரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யக் கூடாது.

2. ஓடும் இயந்திரம்: ரைஸ் மில், லேத், கதிரடிக்கும் இயந்திரம் எதுவானாலும் ஓடும்போது துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சிக்கியதை எடுக்கவோ கை வைக்கக் கூடாது. ஓடும் இயந்திரப் பாகங்களைத் துடைத்து எண்ணெய் விடும் வேலையை 18 வயது நிறையாதவர்களுக்குத் தரக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. தொங்கும் துண்டு, லுங்கி, கையில் கட்டிய கயிறு, மோதிரம் எல்லாம் இயந்திரத்துக்கு இரை.

3. சமையல் வேலை: கொதிக்கும் தேக்சாவை ஒரு பையன் தனியாக இழுக்கக் கூடாது. தரையில் சிந்திய எண்ணெயை உடனே துடைக்க வேண்டும். சூடு பட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதையும் தடவாதீர்கள்.

4. மின்சாரம், உயரம்: கல்யாணப் பந்தலுக்கு சீரியல் செட் கட்டும் பிள்ளைகள் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும். மின்கம்பி போகும் பக்கம் இரும்பு ஏணியைத் தூக்கிச் செல்லக் கூடாது.

5. படகு வேலை: வலைக் கயிறு ஓடும்போது சுருளுக்குள் கால் வைக்கக் கூடாது. இன்ஜினை நிறுத்தாமல் விசிறியில் சிக்கிய வலையை எடுக்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவனுக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும்.

6. தொட்டி, கிணறு: கழிவுநீர்த் தொட்டி, பாழடைந்த கிணறு, அழுகிய மீன் கிடக்கும் படகு அறை இவற்றில் விஷவாயு இருக்கும். எவ்வளவு பணம் தந்தாலும் பிள்ளைகள் இறங்கவே கூடாது.

கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். இறங்கியவன் மயங்கினால் அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான். இரண்டு ஜனாஸா ஆகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது, உதவவும் பார்க்கவும் ஓடிய அக்கம்பக்கத்து ஊர் மக்களும் அடுத்த வெடிப்பில் பலியானார்கள். உதவும் மனம் நல்லதுதான். ஆனால் ஆபத்து என்றால் முதலில் சத்தம் போட வேண்டும், 112-க்கோ 108-க்கோ அழைக்க வேண்டும். தன் உயிரைக் காத்துக்கொண்டே அடுத்தவனுக்கு உதவ வேண்டும்.

நல்லவாடு தரும் பாடம்

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு வாலிபர் ஒருவர், கடலில் ஏதோ பெரிய ஆபத்து நடக்கிறது என்பதைச் செய்தியில் அறிந்து உடனே வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொன்னார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் இருந்தது. மீனவர்களுக்கு அலையின் உயரத்தையும் வானிலையையும் தினமும் அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பூட்டிய கதவை உடைத்து அதில் எச்சரிக்கை சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் காலியானது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலத்தையே வாழவைத்தவர் போன்றவர் என்று குர்ஆன் (5:32) உணர்த்தும் சிறப்பை, நம் பக்கத்து ஊரிலேயே பார்த்தோம்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஆபத்தை அறிந்தவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கை சொல்லும் வசதி முன்பே ஊரில் இருந்தது. கேட்டவர்கள் "ஒண்ணும் ஆகாது" என்று அலட்சியமாக நிற்கவில்லை.

பட்டறைக்கும் இதே மூன்றும் வேண்டும். வயரில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்த பையன் சொல்ல வேண்டும். அவன் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். கேட்ட முதலாளி அன்றே சரிசெய்ய வேண்டும்.

யார் யாருக்கு என்ன பொறுப்பு?

பெற்றோர்களே! பிள்ளையை விடும் முன் அந்த இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். யார் வேலை கற்றுக்கொடுப்பார்? முதலுதவிப் பெட்டி எங்கே? அடிபட்டால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்? இந்த மூன்றையும் கேளுங்கள். "அத்தா, அந்த வேலை பயமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் கோழை என்று சிரிக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவன் எத்தனை நாள் யோசித்திருப்பானோ!

முதலாளிகளே! உங்களிடம் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி). முதல் வாரம் அந்தப் பையனைத் தனியே விடாதீர்கள். செய்து காட்டுங்கள், அவனைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், பிறகு ஒப்படையுங்கள். இரவு முழுக்கத் தூங்காதவனை இயந்திரத்தின் முன் நிறுத்தாதீர்கள். காயம் பட்டால் ஐந்நூறு ரூபாய் கையில் திணித்து வீட்டுக்கு அனுப்புவதால் பொறுப்பு தீராது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு தரும் கடமையை 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் முதலாளி மீது வைத்தது. மறுமையில் அதைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது.

வாலிபர்களே! "எனக்கு இது தெரியாது, சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். "மூடி இல்லாம நான் செய்ய மாட்டேன் பாய்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். அது வேலைக்கு மறுப்பது ஆகாது. அல்லாஹ் தந்த உடலைக் காப்பது. வேலையிடத்தில் விளையாட்டாகத் தள்ளுவதும், போனில் ரீல்ஸ் எடுப்பதும் வேண்டாம். சிறு காயத்தையும் மறைக்காதீர்கள். சட்டம் தடுத்த வேலையில் ஒரு சிறுவன் சிக்கியிருப்பதைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மஹல்லாவிலேயே அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன், வெல்டர், செவிலியர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். பைத்துல்மாலிலிருந்து நாலு ஜோடி கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தருவதும் ஸதகாதான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதே தர்மம் என்றால், பிள்ளையின் பாதையில் கிடக்கும் ஆபத்தை அகற்றுவது எவ்வளவு பெரிய தர்மம்!

தானும் தீங்கிழைக்கக் கூடாது, பதிலுக்குப் பதிலும் தீங்கிழைக்கக் கூடாது என்ற நபிமொழி (இப்னு மாஜா) நம் ஷரீஅத்தின் பெரிய அடிப்படைகளில் ஒன்று. இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ செய்யுற வேலையில எது உனக்குப் பயமா இருக்கு?" அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கைத் தருவானாக! அவர்களின் கைகளையும் கண்களையும் உயிரையும் எல்லா விபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக! வேலையில் அடிபட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.