எஞ்சிய புளிக்கோசு

உணவை ஆக்குதல் ஒரு கலை. ஆக்கியதில் எஞ்சியதைக் கெடாமற் காத்தல் மற்றொரு கலை. முன்னதைக் கற்பிக்கும் நூல்கள் பல உள. பின்னதோ பெரும்பாலும் தாயர் தம் மக்கட்கு வாய்மொழியாற் கற்பித்து வருவதாகவே இருக்கின்றது. விளைவு மிகுந்த காலத்துப் பொருளை விளையாக் காலத்திற்கு உதவுமாறு அமைத்துக்கொள்ளும் அறிவு எந்நாட்டு மக்களிடத்தும் உண்டு. நாம் மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பிலிடுகின்றோம். நிலம் பனியால் மூடுண்டு பச்சிலை ஒன்றும் கிட்டாத குளிர்காலத்தை உடைய ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வாழ்வோர் முட்டைக்கோசை உப்பிலிட்டுப் புளிக்கவைக்கின்றனர்.

அதனை ஜெர்மானியர் 'சவுர்க்ரௌட்' என்பர். 'சவுர்' என்பது புளிப்பு. 'க்ரௌட்' என்பது கீரை அல்லது கோசு. ஆதலின் இக்கட்டுரையில் அதனைப் 'புளிக்கோசு' என்றே வழங்குவாம். பிரெஞ்சுக்காரர் அல்சேஸ் நாட்டார் வழியாக அச்சொல்லைப் பெற்று, 'ஷூக்ரூத்' எனத் திரித்துக்கொண்டனர். பிரெஞ்சு மொழியில் 'ஷூ' என்பது கோசின் பெயர். ஆகவே, புளிப்பைக் குறித்த முற்பாதி அவர் நாவிற் கோசைக் குறிப்பதாயிற்று. சொற்களும் உணவைப்போலவே புதிய இடத்திற் புதிய சுவை பெறுகின்றன என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அயல்நாட்டு உணவைப்பற்றித் தமிழில் எழுதுவதாற் பயன் என்னை எனின், கூறுதும். மேற்படிப்பின்பொருட்டு ஜெர்மனிக்குச் செல்லும் நம் நாட்டு மாணவர் பலர். அங்கே கடையில் வாங்கும் புளிக்கோசுச் சாடி ஒருவர்க்கு ஒரு வேளைக்கு மிகுதி. மிகுந்ததை என்செய்வதென்று அறியாது எறிந்துவிடுதலும், கெட்டதை அறியாது உண்டுவிடுதலும் ஆகிய இரண்டும் தீமையே. அன்றியும், எஞ்சியதைப் பேணும் நெறி எப்பண்டத்திற்கும் பொதுவாகலின், ஒன்றைக் கற்பதனாற் பலவும் விளங்கும்.

அமைக்கும் முறை

காக்கும் வழியை அறிதற்கு, அப்பண்டம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். புறவிதழ் நீக்கிய கோசை மெல்லிய இழைகளாக அரிந்து, எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு உப்பிட்டுக் கையாற் பிசைவர். பத்துக் கிலோ கோசிற்கு 200 முதல் 250 கிராம் வரை உப்பு என்க. உப்பு இலையிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அந்நீரிலேயே கோசு அமிழுமாறு பீங்கான் சாடியிலோ மரத்தொட்டியிலோ அழுத்தி, மேலே ஒரு தட்டையும் அதன்மேல் ஒரு கல்லையும் ஏற்றிவைப்பர். வேறு புளியேனும் காடியேனும் சேர்ப்பதில்லை.

பின்னர்ப் புளிப்பு எங்கிருந்து வந்தது? கோசின் இலையில் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் இலையிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. லியுகோனாஸ்டாக் என்னும் இனம் முதலிற் பெருகிக் கரியமில வாயுவை எழுப்பும். அவ்வாயு காற்றைப் புறந்தள்ளும். புளிப்பு ஏற ஏற, தான் உண்டாக்கிய புளிப்பைத் தானே தாங்கமாட்டாது அவ்வினம் ஒடுங்கும். புளிப்பை மிகுதியும் தாங்கவல்ல லாக்டோபேசில்லஸ் இனம் தலையெடுத்து வேலையை முடிக்கும். நம் இட்டலி மாவைப் பொங்கச் செய்வதும் முற்கூறிய லியுகோனாஸ்டாக் இனமே என்பது அறிந்து மகிழற்பாலது. ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், மூன்று முதல் ஆறு வாரங்களிற் புளிக்கோசு பக்குவமெய்தும்.

இதனால் நாம் தெளியத்தக்கது யாதெனின், உப்பு, புளிப்பு, காற்றுப் புகாமை என்னும் மூன்றுமே இப்பண்டத்தின் காவலர் என்பதாம். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் கேடு உட்புக வழி உண்டாகும். பின்வரும் விதிகளெல்லாம் இவ்வொரு கருத்தின் விரிவே.

கடலிற் செய்த உதவி

ஜேம்ஸ் குக் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் 1768-ஆம் ஆண்டு 'எண்டெவர்' என்னும் கலத்திற் புறப்பட்டபோது புளிக்கோசையும் ஏற்றிச்சென்றார். நெடுங்கடற் பயணத்திற் பசுங்காயும் பழமும் பெறாத மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பற்றும். ஈறு வீங்கிக் குருதி கசியும். ஆறிய புண்ணும் மீளத் திறக்கும். முடிவில் உயிரும் போம். குக்கின் மாலுமிகளோ பழகாத அப்புளித்த உணவை முதலிற் கொள்ளவில்லை. அவர் அதனை அதிகாரிகளின் மேசையில் நாடோறும் வைக்கச் செய்து, மற்றையோர் வேண்டுமளவு கொள்ளவும் வேண்டாவிடின் விடவும் இடந்தந்தார். மேலோர் விரும்பி உண்பதைக் கண்ட மாலுமிகள் தாமும் விரும்பினர். ஒரு வாரத்திற்குள் அளவிட்டுக் கொடுக்கவேண்டியதாயிற்று என்று குக்கே தம் நாட்குறிப்பில் 1769-ஆம் ஆண்டு எழுதியுள்ளார்.

அந்நோயைத் தடுக்கும் பொருளை ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் ஸென்ட்-ஜியார்ஜி 1928-ல் முதன்முதலிற் பிரித்தெடுத்தார். அதுவே 'ஸி' உயிர்ச்சத்து எனப் பின்னர்த் தெளியப்பட்டது. 100 கிராம் புளிக்கோசில் அச்சத்து ஏறத்தாழ 15 மில்லிகிராம் உண்டு. எலுமிச்சையை நோக்க இது குறைவே. ஆயினும், பல திங்கள் கெடாது நிற்றல் புளிக்கோசிற்குரிய சிறப்பு. நெடுநேரம் வேகவைப்பின் அச்சத்திற் பெரும்பகுதி அழியுமாதலின், எஞ்சியதில் ஒரு பங்கைப் பச்சையாகவே உண்ணுதல் நன்று.

எஞ்சியதைக் காத்தல்

வாங்கிய புளிக்கோசு வெப்பமூட்டி அடைக்கப்பட்டதா, அன்றி உயிர்ப்புடையதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். தகரக் குவளையில் வருவது வெப்பமூட்டப்பட்டது. அதனைத் திறந்தபின் அக்குவளையிலேயே விடாது கண்ணாடிக் கலத்திற்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்திற்குள் உண்பது தக்கது. வெப்பமூட்டாத புளிக்கோசோ, 4 டிகிரி அளவான குளிரிற் சில திங்கள் நிற்கும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் குளிரினும் சிறிது வாயுவை விடுமாகலின், மூடியை மிக இறுக்கலாகாது.

கோசு எப்பொழுதும் தன் நீரில் அமிழ்ந்திருத்தல் வேண்டும். நீர் குறைந்ததாயின், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, வேண்டுமளவு ஊற்றிக்கொள்க. புளிநீரை வீணென்று கொட்டிவிட்டு வெறுங்கோசை வைப்போர் காவலனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைப்போரை ஒப்பர். எடுக்குங்கால் தூய கரண்டியையே இடுக. ஊறுகாய்ச் சாடியில் எச்சிற் கரண்டி இடலாகாது என்று நம் பாட்டியர் கடிந்துரைப்பது ஈண்டும் பொருந்தும். அலுமினியம், செம்பு ஆகிய கலங்களைப் புளிப்பு அரிக்குமாதலின், கண்ணாடியும் பீங்கானுமே ஏற்றவை.

நெடுநாட்குப் பின்னரே வேண்டுமாயின், ஒரு வேளைக்குரிய அளவாகப் பகுத்து, சிறிது புளிநீருடன் உறையவைக்கலாம். உறையும் நீர் விரியுமாகலின் கலத்தின் மேற்புறத்தில் இடம் விடுக. உறைந்து இளகிய கோசு மொறுமொறுப்பை இழக்குமேனும், சமையலுக்குக் குறைவில்லை.

இனிக் கேட்டின் அறிகுறிகள். புளிநீர்மேல் வெண்மையாய் மெல்லிய ஏடு படர்தல் பெரும்பாலும் ஒருவகை ஈஸ்டினால் ஆவது, அதனை வழித்தெறிந்துவிடலாம். பஞ்சுபோன்ற பூசணமும், செந்நிறமும், வழுவழுப்பும், அழுகல் நாற்றமும் தோன்றின் முழுவதையும் நீக்குக.

'புளித்த பண்டந்தானே; எத்துணை நாள் இருப்பினும் என்ன?' என்று எண்ணுதல் பெரும்பிழை. இறைச்சியோடும் உருளைக்கிழங்கோடும் சமைத்த புளிக்கோசிற் காவலர் மூவரும் தளர்கின்றனர். உப்பும் புளிப்பும் பிறபொருள்களிற் பரந்து மெலிகின்றன, காற்றும் கலக்கின்றது. அத்தகைய சமையலை இரண்டு மணி நேரத்திற்குள் குளிரில் வைத்து, மூன்று நான்கு நாட்களுள் நன்கு கொதிக்கவைத்து உண்க. இயல்பாகவே புளிநாற்றம் உடைய பண்டத்தை முகர்ந்து மட்டும் நன்றென்று துணிதல் இயலாதாகலின், நாளெண்ணிக்கையே துணை.

அட்டிலில் அதன் பயன்

வில்ஹெல்ம் புஷ் 1865-ல் வெளியிட்ட 'மாக்ஸும் மோரிட்ஸும்' என்னும் நகைச்சுவைக் கதையில், போல்ட்டே என்னும் கைம்பெண் நிலவறைக்குச் சென்று புளிக்கோசில் ஒரு பங்கு எடுத்து வருவாள். மீளச் சூடாக்கிய புளிக்கோசினிடத்து அவளுக்குத் தனி விருப்பமாம். அவள் கீழே சென்ற அமயம் பார்த்துக் குறும்பர் இருவரும் புகைபோக்கி வழியே தூண்டிலிட்டு, அடுப்பில் வறுபட்ட கோழிகளைக் கவர்ந்துவிடுவர்! சிரிப்பிற்கிடையே ஈண்டு இரண்டு உண்மைகள் உள. சாடியிலிருந்து வேண்டுமளவே எடுத்தல் ஒன்று. மறுமுறை சூடாக்கியபின் சுவை மிகுதல் மற்றொன்று. மெல்லத் திரும்பக் காய்ச்சுகையில் கொழுப்பும் இனிப்பும் புளிப்போடு கலந்து ஒன்றுபடுகின்றன. போலந்து நாட்டார் புளிக்கோசும் பலவகை இறைச்சியும் காளானும் கலந்து ஆக்கும் 'பிகோஸ்' என்னும் உணவையும் மறுநாள் சூடாக்கி உண்பதே சிறப்பென்பர்.

எஞ்சியது சிறிதாயின், வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, புளிக்கோசையும் அரிந்த ஆப்பிளையும், நம் சீரகத்தை ஒத்த கேரவே விதையையும் சேர்த்து, சிறிது நீர் தெளித்து, அரை மணி நேரம் மென்றீயில் வேகவிடுக. புளிப்பு மிகையாயின் முன்னரே ஒருமுறை நீரில் அலசலாம். பலமுறை அலசின் சுவையும் சத்தும் நீரோடு போம். தென்ஜெர்மனியின் சுவேபியப் பகுதியார், உருளைக்கிழங்கு மாவினாற் செய்த விரல்போன்ற கொழுக்கட்டைகளைப் புளிக்கோசோடு சேர்த்துப் பொன்னிறமாக வறுப்பர். போலந்தில் கிறிஸ்துமஸிற்கு முன்னிரவு இறைச்சி விலக்கி உண்ணும் விருந்தில், புளிக்கோசும் காளானும் பூரணமாக வைத்த 'பியரோகி' இடம்பெறும். ரஷ்யர் அதனைக்கொண்டு 'ஷ்சி' என்னும் சாறு காய்ச்சுவர். புளிநீரையும் வீணாக்கவேண்டா, சாற்றிற் புளிப்புக்கு அது உதவும்.

உருளைக்கிழங்கு சேர்க்குங்கால் ஒன்றைக் கருத்திற் கொள்க. புளிப்பில் இட்ட பச்சைக்கிழங்கு எளிதில் மெத்தென்று வேகாது. கிழங்கின் இழைகளைப் பிணிக்கும் பெக்டின் என்னும் பொருள் புளிப்பிற் கரையத் தாழ்க்கும். ஆதலின் கிழங்கைத் தனியே வேகவைத்து, பின்னரே புளிக்கோசோடு கூட்டுதல் முறை. நாமும் பருப்பையும் காயையும் வேகவிட்ட பின்னரே புளி கரைத்து ஊற்றுகின்றோமன்றோ!

எஞ்சிய உணவு இழிந்த உணவு என்னும் எண்ணம் செல்வர் வீட்டில் தோன்றியது போலும். பனிக்காலத்தே நிலவறையில் ஒரு சாடி உடையோன் பசியாதிருந்தான். நடுக்கடலில் அஃதுடையோர் நோயினின்று காப்புப் பெற்றனர். உப்பும் புளிப்பும் காத்த அதனை, கரண்டியின் தூய்மையாலும் நாளை எண்ணும் கருத்தாலும் நாம் தொடர்ந்து காத்தல் எளிது. உழவன் ஓராண்டு உழைத்து விளைத்ததை ஒரு நொடியில் எறிந்துவிடாத கை, எந்நாட்டு அட்டிலினும் போற்றத்தக்கதே.