படத்தின் பின்னணியை நீக்கும் கருவிகள்

நமது சங்கத்தின் சரக்கை வாங்குவோர் முன்பெல்லாம் கடைக்கு வந்து, துணியைக் கையால் தொட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, அதன் பிறகே விலை பேசினார்கள். இன்று அவர்களில் ஒரு பகுதியினர் துணியைத் தொடுவதேயில்லை. கைப்பேசித் திரையில் காணும் படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். ஆகவே, படத்தில் நேரும் பிழை, சரக்கில் நேர்ந்த பிழையாகவே கொள்ளப்படுகிறது.

இணையச் சந்தைகள் பல, சரக்கின் முதற்படம் வெறும் வெண்ணிறப் பின்னணியில் இருக்கவேண்டும் என்று விதிக்கின்றன. அமேஸான் சந்தையின் விதி ஓர் உதாரணம். முதற்படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருத்தல் வேண்டும். சரக்கு படத்தில் 85 சதவிகிதத்தை நிரப்புதல் வேண்டும். வாங்குவோர் பெரிதாக்கிப் பார்க்கவேண்டுமாயின் படத்தின் நீண்ட பக்கம் 1,000 புள்ளிகளுக்குக் குறையலாகாது. நாமோ சேலையைத் திண்ணையிலும், பாயின்மேலும், தறிக்கூடத்துச் சுவரோரத்திலும் விரித்துப் படம் எடுக்கிறோம். அந்தப் பாயையும் சுவரையும் நீக்கிச் சேலையை மட்டும் தனியே நிறுத்தித் தரும் கருவிகள் இணையத்தில் பல உள்ளன.

பழைய நாளில் அச்சுக்கூடங்களுக்குப் பிளாக் செய்தவர்கள் இவ்வேலையைத் தூரிகையால் செய்தார்கள். நெகட்டிவில் வேண்டாத பகுதியின்மேல் ஒளி புகாத மையைப் பூசி மறைப்பார்கள். கை தவறினால் உடனே கண்ணுக்குத் தெரியும், நிறுத்தித் திருத்துவார்கள். இன்று அவ்வேலை சில விநாடிகளில் முடிகிறது. தவறும் அதே விநாடிகளில் நேர்ந்துவிடுகிறது, பார்ப்பவர்தாம் இல்லை. இக்கருவிகளுள் எதனை எதற்குக் கையாள்வது, முடிவை எவ்விதம் சோதிப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

கூலி நிறுத்தப்பட்ட வரலாறு

எனது சரகத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்தது இது. வெளிர் சந்தன நிற உடலும், ஒருபுறம் அரக்குக் கரையும், மறுபுறம் வெள்ளைக் கரையுமாக ஒரு பாவு போடப்பட்டது. முதற்சேலை தறியிலிருந்து இறங்கியதும் மானேஜர் அதனை ஒரு வெள்ளை விரிப்பின்மேல் பரப்பிப் படம் எடுத்தார்; இணையக் கருவி ஒன்றில் பின்னணியை நீக்கினார்; விற்பனைக்கு வெளியிட்டார். நான்கு சேலைகள் விற்றன. மூன்று திரும்பி வந்தன. வாங்கியவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: “படத்தில் ஒரு பக்கம்தான் கரை, வந்த சேலையில் இரண்டு பக்கமும் கரை இருக்கிறது.”

மானேஜர் படத்தையும் சேலையையும் ஒப்பிட்டார். நெசவாளர் குறிப்பை மீறிவிட்டார் என்று எண்ணி, மூன்று சேலைக்குரிய கூலியை நிறுத்திவைத்தார். நான் தணிக்கைக்குச் சென்றபோது அந்த நெசவாளர் என்னிடம் சொன்னார்: “ஐயா, கொடுத்த பாவைத்தான் நெய்தேன். வெள்ளைக் கரை பாவிலேயே இருந்தது. தறியில் உட்கார்ந்துகொண்டு நானாக ஒரு கரையைச் சேர்க்க முடியுமா?”

அவர் கூறியது முற்றிலும் நியாயம். கரை நூல் பாவோடு வருவது; ஊடு நூலால் உண்டாக்குவதன்று. பாவு கொடுத்த பதிவேட்டில் வெள்ளைக் கரை இழைகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தது. மானேஜரின் கைப்பேசியில் அழியாமல் இருந்த மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளை விரிப்பின்மேல் வெள்ளைக் கரை தெளிவாகத் தெரிந்தது. விரிப்பு எது, கரை எது என்று பிரித்தறியாத கருவி இரண்டையும் சேர்த்து நீக்கியிருக்கிறது. கூலி அன்றே கொடுக்கப்பட்டது. மானேஜர் நேர்மையானவர், தம் தவற்றை நெசவாளரிடமே ஒப்புக்கொண்டார். எனினும், மூன்று சேலைகளின் போக்குவரத்துச் செலவு சங்கத்தின் நஷ்டக் கணக்கில் சேர்ந்தது. மூலப்படம் அழிந்திருந்தால் அந்த நெசவாளரின் சொல்லுக்குப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இராது.

கருவி எவ்விதம் வேலை செய்கிறது?

படம் என்பது லட்சக்கணக்கான நிறப் புள்ளிகளின் தொகுதி. இப்புள்ளியைப் பிக்ஸல் என்பர். பொருள் எது, பின்னணி எது என்று முன்னரே பிரித்துவைத்த ஏராளமான படங்களைக் காட்டிக் கருவியைப் பழக்குகிறார்கள். பிறகு நாம் கொடுக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் பொருளைச் சேர்ந்ததா அன்றா என்று அது ஊகிக்கிறது. ஊகத்தின் விளைவை 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகக் குறிக்கிறது. 0 என்றால் அப்புள்ளி முழுதும் நீங்கும். 255 என்றால் முழுதும் நிற்கும். இடைப்பட்ட எண் பாதி தெரிவதாகும். மெல்லிய சல்லாத் துணிக்கும் நூல் முனைகளுக்கும் இந்த இடைநிலை எண்களே உயிர்.

குஞ்சம் ஏன் காணாமற்போகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட யு-ஸ்கொயர்-நெட் என்னும் அமைப்பு, எவ்வளவு பெரிய படத்தையும் முதலில் 320-க்கு 320 புள்ளிகளாகச் சுருக்கியே ஆராய்கிறது. நம் படத்தின் நீளம் 4,000 புள்ளிகள் என்று கொள்வோம். அதனை 320 ஆகச் சுருக்கினால், பன்னிரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் ஒரே புள்ளியாக ஒடுங்கும். முந்தானைக் குஞ்சத்தின் ஒரு நூல் ஐந்தாறு புள்ளி அகலமே இருக்கலாம்; அது அச்சுருக்கத்தில் மறைந்துவிடும். 2022-இல் வந்த ஐ.எஸ்.-நெட் என்னும் அமைப்பு 1,024 புள்ளிகள் வரை வைத்து ஆராய்வதால், நான்கு புள்ளிகளே ஒன்றாக ஒடுங்குகின்றன; நுண்மை கூடுகிறது. ஒரே படம் ஒரு கருவியில் குஞ்சத்தோடும், மற்றொன்றில் குஞ்சமின்றியும் வருவதற்கு இத்தகைய வேறுபாடு ஒரு முக்கிய காரணம்.

கருவிகளின் ஒப்பீடு

கருவியைத் தேர்வதற்குமுன் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். படம் எங்கே செல்கிறது? திரும்பி வரும் படத்தின் அளவு என்ன? கையால் திருத்த வழியுண்டா? செலவு என்ன?

முதல் வகை, படத்தை வெளியே அனுப்பிப் பெறும் கருவிகள். இவற்றுள் பெயர் பெற்றது ரிமூவ் பி.ஜி. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 2018-இல் தோன்றிய இதனை, 2021-இல் கான்வா நிறுவனம் வாங்கிக்கொண்டது. மிக எளியது; நீங்கிய பகுதியைத் தூரிகையால் மீட்கவும் இடமுண்டு. ஆனால் இது நெடுங்காலமாக இலவசமாகக் கொடுத்துவந்த படம் கால் மெகாபிக்ஸல், அதாவது 2,50,000 புள்ளிகள் கொண்டதே. சதுரப் படமாயின் பக்கத்துக்கு 500 புள்ளிகள். முன்சொன்ன 1,000 புள்ளி விதிக்கு அது பாதிதான். முழு அளவுக்குப் பணம் கட்டவேண்டும். கான்வாவில் இவ்வசதி கட்டணத் திட்டத்தைச் சேர்ந்தது. விளம்பரத் தாள், விலைப்பட்டியல் முதலியவற்றையும் அதிலேயே தயாரிக்கும் சங்கத்துக்கு அச்செலவு தகும். அடோபி எக்ஸ்பிரஸில் கணக்குத் தொடங்கினால் கட்டணமின்றிச் செய்யலாம். பாரிஸ் நகரத்துப் போட்டோரூம், கைப்பேசியில் படமெடுத்து விற்கும் சிறு வியாபாரிகளுக்கு ஏற்றது.

இரண்டாம் வகை, நம்மிடமுள்ள கருவியிலேயே வேலையை முடிப்பவை. 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதற்கொண்டு, ஐபோனில் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பொருள் தனியே பிரிகிறது. விரைவானது; ஆயினும், அவ்விடத்தில் விளிம்பைத் திருத்த வழியில்லை. ரெம் பி.ஜி. என்பது யாவரும் இலவசமாகப் பெற்றுச் சொந்தக் கணிப்பொறியில் நிறுவக்கூடிய நிரல். மேற்சொன்ன இரு அமைப்புக்களையும் அதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம்; ஒரு கோப்புறையிலுள்ள படங்கள் அனைத்தையும் ஒருங்கே முடிக்கலாம். ஆனால் அதனை நிறுவக் கட்டளைகளைத் தட்டெழுதத் தெரிந்த ஓர் இளைஞர் வேண்டும். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் அப்படி ஒருவர் இருப்பின் சங்கம் அவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, முழுதும் கைவேலை. கிம்ப் என்னும் இலவச நிரலில் விளிம்பு நெடுகப் புள்ளி வைத்துக் கோடிட்டு வெட்டலாம். பொறுமை வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: தட்டையாக விரித்த வேட்டிக்கும், துண்டுக்கும், லுங்கிக்கும் விளிம்பு நான்கு நேர்கோடுகளே. நான்கு கோடு இடுவதற்கு ஊகிக்கும் கருவி எதற்கு? இத்தகைய சரக்குக்குக் கைவேலையே பிழையற்றது.

குஞ்சமுள்ள சேலைக்கு, தூரிகையால் மீட்கும் வசதியுள்ள கருவியையே எடுக்கவேண்டும். ஒரே வகைச் சரக்கு நூறு படம் இருந்தால் சொந்தக் கணிப்பொறியில் செய்வது சிக்கனம். விளைவிப்போர் சங்கங்களுக்கு வேறு தொல்லை. வாழைச் சீப்பில் காய்களுக்கிடையே தெரியும் சாக்குத் துண்டைக் கருவி விட்டுவிடும். கறிவேப்பிலைக் கொத்தில் இலைகளினூடே மண் தெரியும். விரலி மஞ்சளின் நிழல் மஞ்சளோடு ஒட்டிக்கொண்டு வரும். இவற்றுக்கும் தூரிகைத் திருத்தம் இன்றியமையாதது.

படம் எடுக்கும்போதே செய்யவேண்டியவை

பின்னணி, சரக்கின் எந்த நிறத்தோடும் ஒட்டாததாக இருக்கட்டும். வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் கருநீல விரிப்பு. அரக்குக்கும் கறுப்புக்கும் வெளிர் விரிப்பு. கருநீலக் கரையுள்ள சேலையாயின் கருநீல விரிப்பும் ஆகாது. வெயில் நேரே விழாத நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தொங்கவிட்டு எடுப்பதாயின் துணிக்கும் சுவருக்கும் இரண்டு மூன்றடி இடைவெளி விடுங்கள், நிழல் ஒட்டாது. சில கருவிகள் பின்னணியை நீக்குவதோடு நிறத்தையும் தாமாகவே தூக்கிக் காட்டும், அவ்வசதியை நிறுத்திவையுங்கள். அரக்கு சிவப்பாகத் தெரிந்தால் சரக்கு திரும்பும்.

நான்கு சோதனைகள்

வெளியிடுமுன் ஒவ்வொரு படத்துக்கும் இவற்றைச் செய்க.

1. நீக்கிய படத்தை முதலில் கறுப்பின்மேலும், பிறகு பச்சையின்மேலும் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் ஒளிந்திருக்கும் விளிம்புக் கறையும் பாதி அழிந்த இடமும் அங்கே வெளிப்படும்.

2. மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் கரை இரண்டு, முந்தானை, குஞ்சம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

3. சரக்கையே கையில் வைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிடுங்கள். கூடுமாயின் நெய்தவரிடமே படத்தைக் காட்டுங்கள். தமது சேலையில் எது குறைகிறது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

4. நீக்கிய படத்தை பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் ஒளிபுகும் தன்மையை வைத்துக்கொள்வதில்லை. வெள்ளைப் பின்னணியில் வைத்த பிறகு ஜேபெக் ஆக்கலாம். மூலப்படத்தை, பாவு எண்ணைப் பெயராக இட்டுத் தனியே காத்து வையுங்கள்.

சட்டம் கூறுவது

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. கருவி செய்த பிழை என்பது வாங்குபவருக்குப் பதிலாகாது. படத்தை வெளியிட்டது சங்கமே. மற்றொன்று: 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, முன்னரே பகிரங்கமான டிசைன் பதிவுக்கு உரியதன்று. ஆகவே, பதிவு செய்ய எண்ணியுள்ள புதிய டிசைனின் படத்தை, விண்ணப்பம் கொடுக்கும்வரை எந்த வெளிக்கருவிக்கும் அனுப்பாமல் சொந்தக் கணிப்பொறியிலேயே கையாள்வது முன்யோசனையாகும்.

நிற்க, எல்லாப் படத்திலும் பின்னணியை நீக்கவேண்டும் என்பதில்லை. சந்தையின் விதி முதற்படத்துக்கே. அடுத்த படங்களில் தறியும், நெய்யும் கையும், தோட்டமும் அப்படியே தெரியட்டும். கைத்தறி என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி ஏது?

கருவி எதுவாயினும் அது ஊகிப்பதே; உறுதி சொல்லவேண்டியவர் நாம். ஒரு படத்தைச் சோதிக்க ஐந்து நிமிஷம் செல்லும். ஓர் அங்கத்தினரின் கூலியும் சங்கத்தின் வாக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் அடங்கியிருக்கின்றன.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நமது சங்கத்தின் சரக்குகளில் எவை கைவேலைக்கும், எவை கருவிக்கும் ஏற்றவை?

2. வெளியிடுமுன் படத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம்?

3. படம் காரணமாகச் சரக்கு திரும்பினால், விசாரணை முடியுமுன் நெசவாளரின் கூலியை நிறுத்துவது முறையா?