போலிக் காற்றில் பழகிய பலூன்

அன்பு மருமகளுக்கு,

கணினிக்குள் கட்டிய போலி உலகத்தில் பழகிய செயற்கை நுண்ணறிவுக்கு நிஜ உலகம் விளங்குமா என்று கேட்டிருக்கிறாய். உடப்புக் கடற்கரைப் பிள்ளையான உனக்குக் காற்றை வைத்துச் சொல்வதுதான் சுலபம்.

கூகுளின் 'லூன்' திட்டம் உனக்கு நினைவிருக்காது. கம்பி போகாத இடங்களுக்குப் பலூன் வழியாக இணையம் கொடுக்கப் பார்த்தார்கள். 2015இல் நம் இலங்கை அரசாங்கமும் ஒப்பந்தம் செய்தது. 2016 பெப்ரவரியில் சோதனைக்கு வந்த பலூன் ஒன்று கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கிடந்தது. திட்டமிட்டுத்தான் இறக்கினோம் என்றார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

அந்தப் பலூனை ஓட்ட எஞ்சின் இல்லை, சுக்கானும் இல்லை. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் உயரத்தில் ஏறியும் இறங்கியும் தோதான காற்றைப் பிடித்துத்தான் ஓரிடத்தைச் சுற்றி நிற்க வேண்டும். இந்த வித்தையைப் பிற்பாடு செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கினார்கள், முழுக்கக் கணினிக்குள்ளேயே. பழைய வானிலைப் பதிவுகளிலிருந்து காற்றை உண்டாக்கினார்கள். பதிவுகள் அப்படியே சரியாக இராது என்பதால், வேண்டுமென்றே அந்தக் காற்றைப் பிசகவைத்தார்கள். எந்த உயரத்தில் எந்தத் திசைக் காற்று என்பதோடு, அந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே ஊட்டினார்கள். எனக்கு இதுதான் இந்தக் கதையின் உயிர். பிறகு பசிபிக் கடலுக்கு மேலே 39 நாள் சோதனை. பழைய முறையைவிட நன்றாகவே நின்றது. 2020 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

ஆகவே போலி உலகத்தில் கற்றது நிஜத்தில் செல்லும். இல்லையென்று வாதாடுவது வீண். ஆனால் விளங்கியது எவ்வளவு? பலூன் நிற்பதற்கு வேண்டிய அளவு. சோளகக் காற்று எழும்பினால் உங்கள் கரையில் கரைவலை படுத்துவிடும், கடையில் கடன் ஏறும். அதே காற்றைத் தேடித்தான் பட்டம் பிடித்து அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். மாம்புரியில் காற்றாலை சுழல்கிறது. கரைவலைச் சம்மாட்டிக்கு இத்தனையும் சேர்ந்ததுதான் காற்று. பலூனை ஓட்டிய செயற்கை நுண்ணறிவுக்கோ திசையும் வேகமும், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் மட்டும். போலி உலகத்தைக் கட்டியவர் உள்ளே வைக்காததை அதற்குக் கேட்கவும் தெரியாது.

யாராவது தங்கள் இயந்திரம் உலகத்தை விளங்கிக்கொண்டது என்றால், எந்த வேலைக்கு, எங்கே சோதித்தீர்கள் என்று கேள்.

லூன் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. காற்று காரணமல்ல, செலவைக் குறைத்து வியாபாரமாக நடத்த வழி கிடைக்கவில்லை.

அன்புடன்,
மாமா