கடைசியாகச் செல்பவர் யார்?

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் கைப்பேசிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் உருவாவதை நாம் அறிவோம். அவற்றினுள் ஓசையின்றி நடைபெறும் ஒரு கணக்கை அறிவோமா?

இக்கருவிகளை இயக்கும் மென்பொருளின் மையப் பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் கடமைகளுள் ஒன்று. ஒரே நினைவக இடத்தைப் பல நிரல்கள் பயன்படுத்தலாம். அப்படியானால் அதை எப்போது காலி செய்வது? வகுப்பறையை விட்டுக் கடைசியாகச் செல்பவர்தாமே விளக்கை அணைக்க வேண்டும்! அதுபோலவே, ஒருவர் வரும்போது ஒன்றைக் கூட்டி, போகும்போது ஒன்றைக் கழித்து, எண் பூஜ்யமானதும் அவ்விடத்தைக் கெர்னல் விடுவிக்கிறது.

கழிக்க மறந்தால் இடம் வீணாகும். அதனினும் பெரிய ஆபத்தும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இயங்கும் லினக்ஸ் கெர்னலில் அத்தகைய பிழையொன்று 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எண் கூடியதேயன்றிக் குறையவில்லை. அதற்கு 32 பிட் இடமே உண்டு. எனவே, பழைய வண்டியின் மீட்டர் 99999-க்குப் பின் 00000 ஆவதுபோல, 429 கோடியைத் தாண்டியதும் அந்த எண் பூஜ்யமாகிவிடும். பயன்பாட்டில் உள்ள இடமே விடுவிக்கப்படும்! அங்கே தீயோர் புகுந்து கருவி முழுவதையும் கைப்பற்றலாம்.

பிழை திருத்தப்பட்டது. 2017-இல் வெளியான லினக்ஸ் 4.11 பதிப்பில் புதியதோர் எண்ணி சேர்க்கப்பட்டது. அது உச்சத்தை எட்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அங்கேயே நின்றுவிடும். சிறிது இடம் வீணாகும். ஆயினும் பிறர் கையில் சிக்காது. சிறு நட்டத்தை ஏற்றுப் பெருங்கேட்டைத் தவிர்ப்பதும் அறிவுடைமையன்றோ!