பழைய ஃபோர்டுக்கு மர பாடி கட்டுவோர் கவனத்துக்கு

1917-இல் ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மாடல் டிடி லாரியில் பாதி லாரிதான் இருந்தது. எஞ்சின், சேஸிஸ், சக்கரங்கள், எஞ்சின் மூடி: 600 டாலருக்குக் கிடைத்தது அவ்வளவே. ஓட்டுநர் உட்கார இடமும் சரக்கு ஏற்றத் தொட்டியும் வாங்கியவர் பாடு. அவர் ஊரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த பட்டறையில் கொண்டுபோய் விடுவார். கைவேலை தெரிந்த விவசாயியாக இருந்தால் தானே பலகை அறுத்துக் கட்டிக்கொள்வார். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வெறும் சேஸிஸ் ஓடி வந்து பாடி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டிடி-க்கு ஃபோர்டே பாடி கட்டித் தர ஆரம்பித்தது 1924-இல்தான்.

அன்றைக்குப் பிழைப்புக்காகச் செய்த அந்த வேலை இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. அந்த லாரிக்கு அடிப்படையான மாடல் டி வண்டிகள் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வெளிவந்தன. அவற்றின் பாடி, மரச்சட்டத்தின் மேல் மெல்லிய இரும்புத் தகடு அடித்தது. உள்ளே மரம் உளுத்து, வெளியே தகடு துருப்பிடித்துக் கொட்டிவிட்டாலும் எஃகுச் சேஸிஸும் எஞ்சினும் அசையாமல் கிடக்கும். அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளிலிருந்து இப்படிப்பட்ட மொட்டைச் சேஸிஸ்கள் இன்னும் வெளியே வருகின்றன. அதில் பழைய கார் பாடியை மீண்டும் உருவாக்க வேண்டுமென்றால் தகடு வளைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பணமும் நிறைய வேண்டும். சின்ன மரத்தொட்டி வைத்த பிக்கப் ஆக்கிவிடுவதென்றால் ரம்பம், இழைப்புளி, உளி, துளைக்கும் கருவி போதும். வீட்டில் ஒரு மேசை செய்யத் தெரிந்தவர் துணிந்து இறங்கலாம்.

ஆனால் அந்த மேசை செய்யத் தெரிந்த கைதான் முதலில் சறுக்குகிறது. முதன்முறை கட்டுகிறவர்கள் மூட்டுக்கு மூட்டுப் பசை தடவி, மயிரிழை இடைவெளி இல்லாமல் இறுக்கி, வீட்டுச் சாமான் போல் ஒன்றைச் செய்து சேஸிஸ் மேல் உட்கார்த்துகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூலைகள் பிளக்கும். காரணம் வண்டியிலேயே இருக்கிறது. மாடல் டி-யில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே வைத்த இரண்டே வில்கள்தான். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மொத்தச் சேஸிஸும் முறுக்கிக்கொள்ளும். குண்டும் குழியுமான அன்றைய மண்சாலைகளில் நாலு சக்கரமும் தரையை விடாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அதன் மேல் நிற்கிற மரமும் அதோடு சேர்ந்து நெளிய வேண்டும். குதிரை வண்டி கட்டிய பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் போல்ட்டை நம்பினார்கள்.

ஆகவே அடித்தளத்திலிருந்து தொடங்கலாம். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்கள் மேல் இரண்டு ஓக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் தரைப் பலகை. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் பட்டையோ கெட்டியான கேன்வாஸ் பட்டையோ கொடுத்தால் கிறீச்சொலியும் அடங்கும், மரத்தில் ஈரமும் தங்காது. சேஸிஸில் பாடியைப் பிடிக்கும் தாங்கிகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றையே பயன்படுத்துவது நல்லது. கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் இரும்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ‘யு’ வடிவ போல்ட் போடலாம். புதிதாகத் துளை போடக்கூடாது. நூறு வருடம் தாக்குப்பிடித்த சட்டத்தில் நாம் போடும் துளைதான் பிறகு விரிசலுக்கு வாசல். அதோடு, நாளைக்கு இன்னொருவர் அதே சேஸிஸில் கார் பாடி ஏற்ற நினைத்தால் அவருக்கு அது சுத்தமாகக் கிடைக்க வேண்டும்.

தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் உள்ள போல்ட்தான் இந்த வேலைக்குத் தோது. சதுரக் கழுத்து மரத்தில் இறுகி உட்கார்ந்துவிடுவதால் நட்டை முறுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றாது. மரம் காயக் காயச் சுருங்கும், நட் தளரும். முதல் சில பயணங்களுக்குப் பிறகு வண்டிக்கு அடியில் படுத்து எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதை வேலையின் கடைசிக் கட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மரம்? இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. கீழ்க் கட்டைகளுக்கு வெள்ளை ஓக் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதன் வைரப் பகுதியில் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் தண்ணீர் எளிதில் ஏறாது. சிவப்பு ஓக் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் குணம் வேறு. சந்தேகம் வந்தால் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் அது சிவப்பு ஓக்; மழையில் நிற்கும் வண்டிக்கு ஆகாது. ஓக்கில் ஒரு தொல்லையும் உண்டு. அதில் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரத்தோடு இரும்பு பட்டால் மரத்தில் கருநீலக் கறை இறங்கும், ஆணியும் அரித்துப்போகும். பித்தளை ஸ்குரூ போடுவதும், போல்ட் துளைகளின் உட்சுவரில் வார்னிஷ் தடவிவிட்டு போல்ட்டை இறக்குவதும் இதற்காகத்தான்.

கேபின் சட்டத்துக்கும் பக்கத் தூண்களுக்கும் ஆஷ் மரம். வளையும், அதிர்ச்சி தாங்கும், ஸ்குரூவை விடாது. இங்கிலாந்தின் மால்வெர்னில் மார்கன் கம்பெனி இன்றைக்கும் தன் கார் பாடிகளின் உட்சட்டத்தை ஆஷ் மரத்தில்தான் செய்கிறது. மோரிஸ் மைனர் டிராவலர் காரின் பின்பகுதியில் தெரியும் ஆஷ் சட்டம் வெறும் அலங்காரமல்ல. அதுதான் அந்தப் பகுதியைத் தாங்குகிறது. அது உளுத்திருந்தால் இங்கிலாந்தில் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும் வண்டி தேறாது. ஆஷ் மரத்தின் பலவீனமும் அதுதான்: ஈரம் பட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். இப்போது வேறொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மரகத நிறத்தில் ஒரு துளைப்பான் வண்டு 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபோர்டின் சொந்த ஊரிலேயே தலைகாட்டிய அந்த வண்டு வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் சாய்த்துவிட்டது. நல்ல ஆஷ் பலகை கண்ணில் பட்டால் தேவைக்குக் கொஞ்சம் கூடவே வாங்கி அடுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

தரைக்கும் பக்கத்துக்கும் தடித்த ஓக் பலகை போட்டுவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். மாடல் டி எஞ்சினின் வலு 20 குதிரைத்திறன். ஐந்தடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள தொட்டிக்கு முக்கால் அங்குல ஓக் போட்டால் தரை மட்டுமே சுமார் 23 கிலோ. அதையே ஒன்றரை அங்குலமாக்கினால் 46. மஞ்சள் பாப்லர் என்றால் முக்கால் அங்குலத்தில் 14 கிலோவோடு முடிந்துவிடும். நான்கு பக்கமும் கேபினும் கூரையும் சேரும்போது இந்த வித்தியாசம் ஏற்றத்தில் தெரியும். இறக்கத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். ஏனென்றால் முன்சக்கரங்களுக்கு பிரேக்கே கிடையாது. கால் பிரேக் பிடிப்பது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஓர் உருளையை. கைப்பிடி இழுத்தால் பின்சக்கரங்களில் சிறு பிடிப்பு, அவ்வளவுதான். பின் அச்சுக்குள் மெல்லிய உலோகக் கலவையில் செய்த பழைய வளையங்கள் நொறுங்கிப்போனால் கால் பிரேக்கும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பாடி வேலை தொடங்குமுன் பின் அச்சைப் பிரித்து, அந்த வளையங்களை வெண்கலத்தில் மாற்றிவிடுங்கள். தொட்டி ஏறிய பிறகு அதைச் செய்வது இரட்டை வேலை.

மாடல் டி-யின் தரைப் பலகையை யாரும் நிரந்தரமாக அறையக்கூடாது. கியர்பெட்டிக்குள் உருளைகளைப் பிடிக்கும் பட்டைகளை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். அதற்கு வழி ஓட்டுநர் காலடியில் உள்ள பலகைகளைத் தூக்குவதுதான். கருவியே இல்லாமல் கையால் எடுக்க வருகிற மாதிரி அவை இருக்க வேண்டும். அதேபோல 1925 வரை வந்த பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, சுமார் 38 லிட்டர். மெத்தையைத் தூக்கினால்தான் மூடியைத் திறக்க முடியும். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் இல்லை. குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். இருக்கைப் பெட்டியை மிக நேர்த்தியாகச் செய்து மேலே ஒரே பலகையாக ஸ்குரூ அடித்துவிட்டு, பெட்ரோல் பங்கில் திருப்புளியைத் தேடுகிறவர்கள் உண்டு! புகைபோக்கிக் குழாய்க்கும் மரத்துக்கும் இடைவெளி விட்டாயிற்றா, பள்ளத்தில் பின் அச்சு மேலே எழும்பும்போது தொட்டியின் அடியில் இடிக்குமா என்பதையும் பலகை அடிக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

மரம் அகலவாக்கில் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். ஆறு அங்குல அகல ஓக் பலகையில் ஈரப்பதம் நான்கு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மாறிவிடும். தொட்டித் தரையில் ஏழு பலகை இருந்தால் மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கிட்ட வருகிறது. பலகைகளை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டினால் இந்த அசைவுக்கு இடமில்லாமல் எங்காவது வெடிக்கும். எனவே சிறு இடைவெளி விட்டு, அதை மூடும்படி இரும்புப் பட்டி வைத்து, பட்டி வழியாகவே போல்ட் இறக்குகிறார்கள். பலகை பட்டிக்கு அடியில் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொள்ளும். பிற்காலத்துப் பிக்கப் லாரிகளின் மரத்தரையும் இந்த முறையில்தான் இருந்தது.

பூச்சு விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இன்று கண்காட்சிக்கு வரும் மர பாடிகள் பெரும்பாலும் தேன் நிறத்தில் வார்னிஷ் பளபளக்க நிற்கின்றன. மக்களை ஏற்றிய ஸ்டேஷன் வேகன்களுக்கு அது பொருந்தும். பால் கேனும் நிலக்கரியும் ஏற்றிய லாரித் தொட்டிக்குப் பொதுவாகப் பெயின்ட்தான். பெயின்ட் மரத்தை வெயிலிலிருந்து நன்றாகக் காக்கும். மூட்டு வேலையின் சின்னக் குறைகளையும் மறைத்துவிடும். வார்னிஷ்தான் வேண்டும் என்றால் படகுக்குப் பூசும் வகையை வாங்கி, வருடா வருடம் தேய்த்து மேல்பூச்சு கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். எதைப் பூசினாலும், துண்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே நாலு பக்கமும் பூசிவிட வேண்டும். பலகையின் வெட்டுமுகத்துக்கு இரண்டு கை கூடுதல்; தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

அளவுகளுக்கு எங்கே போவது? 1925-இல் ஃபோர்டு 281 டாலருக்கு விற்ற பிக்கப்பின் தொட்டி 56 அங்குல நீளம், 40 அங்குல அகலம், 13 அங்குல ஆழம். அது இரும்புத் தொட்டிதான். என்றாலும் மரத்தில் கட்டுகிறவர்களுக்கு இந்த அளவு கண்ணுக்கு இதமாகவும் வண்டிக்குப் பொருத்தமாகவும் அமைகிறது. மார்ட்டின்-பாரி போன்ற கம்பெனிகள் மாடல் டி-க்கென்றே பாடிகள் செய்து விற்றன. அவற்றின் பழைய விளம்பரப் படங்களும் உதவும். இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் அமெரிக்க மாடல் டி சங்கம் நடத்தும் அருங்காட்சியகத்தில் வண்டிகளை நேரிலேயே பார்க்கலாம். இன்னொரு நல்ல ஊற்று 1930-களில் அமெரிக்க அரசு எடுக்கச் செய்த பண்ணைப் புகைப்படங்கள். பஞ்சம் பிழைக்க மேற்கே போன குடும்பங்களின் வண்டிகள் அவற்றில் நிறைய உண்டு. காரின் பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டுப் பலகை அடித்த தொட்டிகள், கைக்குக் கிடைத்த கட்டைகள், கயிறு. எவ்வளவு எளிமையாகக் கட்டினாலும் வண்டி ஓடும் என்பதற்கு அவையே சாட்சி. படத்தைப் பார்க்கும்போது ஸ்குரூத் தலைகளையும் கவனியுங்கள். நட்சத்திரக் குழி வைத்த ஸ்குரூ கார்த் தொழிலுக்கு வந்தது 1936 வாக்கில்தான். 1920-களின் வண்டியில் அது தெரிந்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒற்றைக் கீற்று ஸ்குரூதான் சரி.

முதல் வேலைக்குக் கூரை வைத்த கேபினைத் தொட வேண்டாம். பக்கவாட்டில் ‘சி’ எழுத்துப் போல் வளைந்து திறந்திருக்கும் கேபின் எல்லோர் கண்ணையும் இழுக்கும். ஆனால் அந்த வளைவை ஒரே பலகையில் அறுத்தால் நார் குறுக்கே ஓடும் இடத்தில் முறியும். பல துண்டுகளை நார் பார்த்து இணைத்தோ, ஆவியில் வேகவைத்து வளைத்தோ செய்ய வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது ஆவிக் கணக்கு. சூளையில் உலர்த்திய பலகை இதற்கு ஒத்துழைக்காது. காற்றில் உலர்ந்ததைத் தேட வேண்டும். தட்டையான தரையும், துளைகளில் செருகி எடுக்கும் பக்கச் சட்டங்களும் உள்ள தொட்டியில் தொடங்கினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே அசையும், பழுதானதை மட்டும் மாற்றலாம், நாலு பேர் சேர்ந்தால் மொத்தத்தையும் கீழே இறக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மரத்தொட்டி கட்டும் ஆசையில், பாடி முழுசாக இருக்கும் பழைய காரை அறுக்காதீர்கள். 1930-களில் அறுத்தவர்களுக்கு வயிற்றுப்பாடு, நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாடி இழந்த சேஸிஸ்கள் இன்னும் கிடைக்கின்றன. கொஞ்சம் பொறுத்துத் தேடி அப்படி ஒன்றை வாங்குங்கள். அதில் பழைய மரச்சட்டத்தின் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் எறியுமுன் அளந்து, வரைந்து, படம் எடுத்து வையுங்கள். அதே வருட வண்டியைச் சீர்செய்யும் இன்னொருவருக்கு அந்த அளவு தேவைப்படும்.